போட்டோவுக்குப் பின்னால் நிற்கும் துணி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் கிடையாது. குழுக் கூட்டத்துல வரவு செலவு படிப்பேன், அவ்வளவுதான். தலைவர் அக்கா போன வாரம் கூப்பிட்டு, "நீங்க செய்யற பேக்டிராப் வேலையைப் பத்திப் பேசும்மா, மலர்லயும் போடப் போறோம்"னு சொன்னாங்க. எழுதி வச்சுப் படிக்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

பேக்டிராப்னா என்னன்னு இங்க நிறைய பேருக்குத் தெரியும். தெரியாத பெரியம்மாங்களுக்காகச் சொல்றேன். சீமந்தம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எதுவா இருந்தாலும் இப்ப உட்கார வைக்கிற நாற்காலிக்குப் பின்னால ஒரு திரை கட்டி, பூ வச்சு, பேர் எழுதி வைக்கிறாங்க இல்லையா, அதுதான். முன்னெல்லாம் வீட்டுல இருக்கிற நல்ல போர்வையையோ பட்டுப்புடவையையோ செவுத்துல ஆணி அடிச்சுத் தொங்க விடுவோம். அதே வேலைதான், இப்ப பேரு மாறிப் போச்சு, காசும் கிடைக்குது.

எங்க குழுவுல 14 பேர். இதுல அஞ்சு பேர் இந்த வேலையைச் செய்யறோம். ஒரு அக்கா தையல், ரெண்டு பேர் பூ வேலை, ஒரு தங்கச்சி எழுத்து வெட்டுவா, நான் அளவும் கணக்கும். சீமந்தம், காதுகுத்து எல்லாம் செஞ்சாலும் இன்னைக்கு நான் பேசப் போறது பட்டமளிப்பு விழாவுக்குச் செய்யற திரையைப் பத்தி. அதுலதான் எங்களுக்கு வேலையும் அதிகம், கத்துக்கிட்டதும் அதிகம்.

பட்டமளிப்புன்னதும் காலேஜ் மட்டும்னு நினைக்காதீங்க. மார்ச், ஏப்ரல் வந்தா நர்சரி பள்ளிக்கூடத்துல யுகேஜி முடிக்கிற பிள்ளைங்களுக்கே கறுப்பு அங்கி, நாலு மூலைத் தொப்பி போட்டுப் பட்டம் கொடுக்கிறாங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன பட்டம்னு என் மாமியார் கேட்டாங்க. எனக்கும் அது கொஞ்சம் அதிகமாத்தான் படுது. ஆனா நமக்கு அது வேலை. அந்தப் பிள்ளைங்க அங்கி தடுக்கி விழுந்து எழுந்து வர்றதைப் பார்த்தா சிரிப்பும் வருது.

இந்தக் கறுப்பு அங்கி நம்ம ஊரு வெயிலுக்கு உண்டானதே இல்ல. ஐரோப்பாவுல குளிர் தேசத்துப் பல்கலைக்கழகங்கள்ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் காலத்துல 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, அந்த வழக்கமும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. நம்ம தருமபுரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் எல்லாம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகமே 1997-ல்தான் வந்தது. நாங்க படிக்கிற வயசுல காலேஜ் போட்டோன்னா ஊருக்கு ஒண்ணு ரெண்டு வீட்டுலதான் மாட்டியிருக்கும். ஸ்டுடியோல எடுத்தது. பின்னால புத்தக அலமாரி மாதிரி படம் வரைஞ்ச சீலை, கையில சுருட்டின பேப்பர். அந்த வீட்டுக்குப் போனா முதல்ல அந்தப் போட்டோவைத்தான் காட்டுவாங்க. நான் பத்தாவது முடிச்சப்ப எடுத்தது ஹால் டிக்கெட்டுக்கு ஒட்டின ஒரே ஒரு சின்ன போட்டோ. அதுக்கப்புறம் எடுத்தது கல்யாணப் போட்டோதான்.

சரி, வேலைக்கு வர்றேன்.

முதல்ல சட்டம். பத்தடி அகலம், எட்டடி உயரம். ஒண்ணேகால் இஞ்ச் பிவிசி குழாய்தான் வாங்கினோம். எல்போ, டீ போட்டு கழட்டி மாட்டற மாதிரி. பசை போட்டு ஒட்டிடக் கூடாது, ஒட்டினா குட்டி யானையில ஏத்த முடியாது. பத்தடி குறுக்குக் குழாய் துணி பாரத்துக்கு நடுவுல வளையும். அதனால நடுவுலயும் ஒரு கால் கொடுக்கணும், அந்தக் கால் துணிக்குப் பின்னால மறைஞ்சிடும். கீழ ரெண்டு பக்கமும் பத்து பத்து கிலோ மண் மூட்டை. வெளியில கட்டினா பின்பக்கம் கயிறு இழுத்து முளை அடிச்சே ஆகணும். மண்டபத்துக்குள்ள காத்து இல்லன்னு விடாதீங்க, பிள்ளைங்க இருக்கிற இடம். 2019-ல் சென்னையில ரோட்டு நடுவுல கட்டின பேனர் சரிஞ்சு வண்டியில போன பொண்ணு ஒண்ணு செத்துப் போச்சு, டிவியில எல்லாரும் பார்த்தோம். நாங்க திரை கட்டி முடிச்சதும் ஒருத்தர் போய் குழாயைப் பிடிச்சு நல்லா ஆட்டிப் பார்ப்போம். அது ஆடலன்னாத்தான் பூ கட்ட ஆரம்பிப்போம்.

அடுத்தது துணி. கடையில சாட்டின் துணி காட்டுவாங்க, பளபளன்னு இருக்கும், கண்ணுக்கு நல்லா இருக்கும். ஃபிளாஷ் அடிச்சா அந்தப் பளபளப்பு போட்டோவுல வெள்ளை வெள்ளையா திட்டு விழும். ஃபிளெக்ஸும் அதே கதைதான். அதுல தேதி, பேர் எல்லாம் அச்சடிச்சா மறுநாள் அது எதுக்கு ஆகும்? ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போடலாம். பத்துக்கு எட்டு எண்பது சதுர அடி, அடிக்குப் பன்னிரண்டு ரூபாய்னாலும் 960 ரூபாய். அதுல பாதிக் காசுக்கு நல்ல காட்டன் துணி கொஞ்சம் சேர்த்துக்கலாம், பத்து வருஷம் கூட வரும்.

எங்களுக்கு ரொம்ப உதவினது பழைய புடவைதான். புடவை அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. நடுவுல மடிச்சுக் குழாய் மேல போட்டா முன்னால ஒன்பது அடி, பின்னால ஒன்பது அடி. எட்டடிச் சட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி, கீழ ஒரு அடி மடிச்சு உள்ள தள்ளிடலாம். அகலம் கால் அடி குறைய நாலடி இருக்கும். கொசுவம் வச்சா பாதியா சுருங்கும். அப்ப பத்தடிக்கு ஆறு புடவை வேணும். வெட்ட வேணாம், தைக்க வேணாம், குத்தினா ஊக்குதான். வேலை முடிஞ்சதும் துவைச்சு மடிச்சு, யாரு புடவையோ அவங்ககிட்டயே கொடுத்திடலாம். கொசுவம் எல்லாம் ஒரே அளவா விழணும், அதுக்கு நம்ம பொம்பளைங்க கையை விட வேற மெஷின் வேணாம்.

நிறம்தான் முக்கியம். அங்கி கறுப்பு, தொப்பி கறுப்பு, தலைமுடி கறுப்பு. பின்னால கருநீலமோ அரக்கோ போட்டா போட்டோவுல முகம் மட்டும் தனியா மிதக்கும், உடம்பு எங்கன்னு தேடணும். சரி வெள்ளை போடலாம்னா அதுவும் ஆகாது. பின்னால வெளிச்சம் அதிகமா இருந்தா செல்போன் அதுக்கு ஏத்த மாதிரி இருட்டாக்கிடும், முகம் கறுத்துப் போகும். பிள்ளை கறுப்புங்கறதால அப்படி விழலை, துணி வெள்ளைங்கறதால விழுது. சந்தன நிறம், வெளிர் ரோஸ், இளம் பச்சை இந்த மூணும் எங்க கையில எப்பவும் இருக்கும். போட்டோக்காரங்க சிலபேர் "முகத்தை வெள்ளையாக்கித் தரவா"ன்னு கேட்பாங்க. வேணாம்னு சொல்லிடுங்க. மூணு வருஷம் பஸ்ஸுல போய் படிச்ச பொண்ணு, போட்டோவுல வேற யாரோ மாதிரி இருக்கக் கூடாது. துணி நிறம் சரியா இருந்து, நிழல்ல நின்னு வெளிச்சத்தைப் பார்த்தா, முகம் தன் நிறத்துலயே பளிச்னு விழும்.

நிக்கிற இடம் துணியில இருந்து மூணு அடியாவது முன்னால இருக்கணும். ஒட்டி நின்னா நிழல் பின்னால பேய் மாதிரி விழும். நடுவுல எதையும் ஒட்டக் கூடாது. தலைக்குப் பின்னால ஒரு பேப்பர் விசிறி இருந்தா போட்டோவுல அது கொம்பு முளைச்ச மாதிரி தெரியும். அலங்காரம் எல்லாம் ரெண்டு ஓரத்துலயும் மேலயும்தான். எழுத்து ஆறரை அடிக்கு மேல. ஆனா யுகேஜி பிள்ளைங்களுக்கு அப்படி வச்சா ஒண்ணுமே வராது. பிள்ளை உயரமே மூணரை அடி, போட்டோக்காரர் குனிஞ்சு எடுப்பார், நாம மேல வச்சதெல்லாம் வீணாப் போயிடும். அவங்களுக்கு எழுத்து நாலரை அடியில, பூ நம்ம முழங்கால் உயரத்துல. அன்னைக்கு முழுக்க உட்கார்ந்துகிட்டேதான் வேலை செய்யணும், இடுப்பு போயிடும்.

எழுத்துக்குத் தெர்மாகோல் வாங்கறது இல்ல. வெட்டினா வீடெல்லாம் பறக்கும், ஒரு விழாவோட உடைஞ்சு போகும், குப்பையில போட்டா மாடு மெல்லும், எரிச்சா புகை மூச்சடைக்கும். மளிகைக் கடை அட்டைப் பெட்டிதான் எங்களுக்கு எழுத்து. ரெண்டு அட்டையை ஒட்டி, பிளேடால வெட்டி, தங்கக் கலர் பேப்பர் சுத்தினா தூரத்துல இருந்து பித்தளை மாதிரி இருக்கும். 'வாழ்த்துகள்' மட்டும் ஒரு செட் வச்சிருக்கோம், எல்லா விழாவுக்கும் ஆகும். வருஷத்துக்கு எண் மட்டும் மாத்துவோம்.

பூவுக்கு நம்ம மாவட்டத்துல பஞ்சமே இல்ல. சாமந்தி நல்லா விளையும், விலைதான் நம்ம பேச்சைக் கேட்காது. விலை விழுந்தா பறிக்கிற கூலி கூட கட்டாதுன்னு தோட்டத்துலயே விடறதையும் ரோட்டுல கொட்டறதையும் பார்த்திருக்கீங்க. நம்ம கூட்டமைப்பு உறுப்பினருங்க தோட்டத்துப் பூவைத்தான் நாங்க வாங்கறோம். மார்க்கெட் விலை என்னவோ அதைக் கொடுக்கிறோம், அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது இல்ல. சாமந்தி ஒரு நாள் முழுக்கத் தாங்கும். மல்லிகை மத்தியானத்துக்கெல்லாம் பழுத்துப் போகும், திரைக்கு ஆகாது, தலைக்கு வச்சுக்கோங்க. தென்னை ஓலையில கிளி, பந்து, விசிறி முடையறது என் மாமியார். குருத்தை அடிக்கடி எடுத்தா மரத்துக்கு ஆகாதுன்னு அவங்க பச்சை ஓலையிலயே முடைவாங்க. "படிச்ச பிள்ளைங்க போட்டோவுல என் கிளியும் இருக்கு"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க.

இப்ப போன வருஷம் நம்ம கூட்டமைப்பு நடத்தின விழாவைப் பத்திச் சொல்லணும். அதுக்கு வந்தவங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க. வராதவங்களுக்காகவும் மலர்ல இருக்கட்டும்னும் சொல்றேன்.

2022-ல் காலேஜ் சேர்ந்த நம்ம உறுப்பினர் வீட்டுப் பொண்ணுங்க 14 பேர், 2025-ல் டிகிரி முடிச்சாங்க. இதுல பாதிப் பேருக்கு மேல அவங்க வீட்டுல முதல் பட்டதாரி. அப்பாங்க நிறைய பேர் பெங்களூர்ல கட்டட வேலை. பிள்ளைங்க டவுன் பஸ்ஸுல காசில்லாம போனாங்க, அது 2021 மே மாசத்துல வந்தது. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னிரண்டு வரை படிச்ச பிள்ளைங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய், அது 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆரம்பிச்சது. மீதிக்குக் குழுக் கடன். சும்மா சொல்லலை, எங்க குழு நோட்டுல 'மகள் கல்லூரிக் கட்டணம்'னு எழுதின கடன் மட்டும் ஏழு இருக்கு, ஏழும் அடைஞ்சாச்சு.

காலேஜ்ல பட்டமளிப்பு விழா எப்ப நடத்துவாங்களோ, அங்கி வாடகை, போட்டோ காசு, போய்வர்ற செலவு, வீட்டு ஆளுங்களை உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ. அதுக்குள்ள பாதிப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பேசிடுவாங்க. நம்ம ஊர்ல நடக்கறதைத்தான் சொல்றேன். அதனால நாமளே ஒரு நாள் வச்சு எல்லாப் பொண்ணுங்களுக்கும் அங்கி போட்டு ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கணும்னு கூட்டமைப்புல முடிவாச்சு. திரை கட்டற பொறுப்பு எங்களுக்கு.

அந்தத் திரைக்கு முன்னால ஒரு நாற்காலி போடணும்னு நான் சொன்னேன். பொண்ணு பக்கத்துல நிக்கட்டும், அம்மா நாற்காலியில உட்காரட்டும்னு. அதுல பெரிய விவாதமே வந்துச்சு. ஒரு பெரியம்மா, "பட்டம் வாங்கினது பொண்ணு, அம்மா எதுக்கு நடுவுல?"ன்னு கேட்டாங்க. இன்னொருத்தர் மெதுவா, "எல்லா அம்மாவும் வந்து உட்கார முடியுமா, நல்ல காரியத்துல?"ன்னு சொன்னாங்க. என்ன சொல்றாங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சது. 14 அம்மாவுல மூணு பேருக்கு வீட்டுக்காரர் இல்ல. கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "அவங்களை உட்கார வைக்க முடியாதுன்னா நாம எதுக்கு விழா நடத்தறோம்? நாற்காலி இருக்கட்டும். ஆனா இஷ்டப்பட்டவங்க உட்காரலாம்னு விட்டா அந்த மூணு பேர் மட்டும் உட்கார மாட்டாங்க. 14 போட்டோவுலயும் நாற்காலி இருக்கணும், ஆளும் இருக்கணும்." தீர்மான நோட்டுல அப்படியே எழுதினோம்: 'நாற்காலியைத் திரையின் நடுவில் போடுவது எனவும், ஒவ்வொரு போட்டோவிலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதில் உட்காருவது எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஒருமனதாகன்னு எழுதினாலும் ரெண்டு பேர் டீ வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க.

விழா அன்னைக்கு அங்கி ஆறுதான் கிடைச்சது. ஆறு அங்கி, பதினாலு பொண்ணு. திரைக்குப் பின்னால ஒரு கண்ணாடி, ஒரு பெஞ்சு, ஒரு வாளித் தண்ணி வச்சோம். ஒருத்தி கழட்ட, அடுத்தவ மாட்ட, நடுவுல துண்டால வியர்வை துடைக்க. முன்னால சாமந்தியும் சந்தனக் கலர் புடவையுமா அழகா இருக்கு, பின்னால ஒரே அமளி. எங்க தையல் அக்கா கையில ஊக்கும் வாயில ஊக்குமா நின்னுட்டே இருந்தாங்க.

நாற்காலி, ரேஷன் கடைக்காரர் வீட்டுல கேட்டு வாங்கின கை வச்ச தேக்கு நாற்காலி. முதுகுப் பக்கம் சாமந்திச் சரம் சுத்தியிருந்தோம். முதல்ல ஒரு அம்மா உட்கார்ந்தாங்க, அப்புறம் ஒரு அம்மா. ஒரு பொண்ணுக்கு அம்மா இல்ல, ஆயா உட்கார்ந்தாங்க. ஒரு பொண்ணோட அம்மா, அப்பா ரெண்டு பேருமே பெங்களூர்ல, சென்ட்ரிங் வேலையில லீவு கிடைக்கலை. அவ எட்டாவது படிக்கிற தங்கச்சியை உட்கார வச்சா. தீர்மானத்துல பெரியவர்னு இருக்கேன்னு யாரோ சொன்னாங்க, அவ கேட்கலை. "எங்கம்மா வேலைக்குப் போனப்ப வீட்டு வேலை எல்லாம் இவதான் பார்த்தா"ன்னா. சரின்னு விட்டோம்.

அந்த மூணு பேர்ல ஒருத்தர் யோசிக்காம வந்து உட்கார்ந்துட்டாங்க. இன்னொருத்தரை அவங்க மாமியாரே கையைப் பிடிச்சுக் கூட்டி வந்தாங்க. மூணாவது அக்கா வரலை. புளியமரத்துக்கிட்ட எலுமிச்சை ஜூஸ் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. கூப்பிட்டா, "நான் அப்புறமா வர்றேன், அவளை எடுக்கச் சொல்லுங்க"ன்னு டம்ளர் கழுவப் போயிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். நூறு நாள் வேலை, களை எடுப்பு, ராத்திரியில புளி தட்டறதுன்னு செஞ்சுதான் அந்தப் பொண்ணை பி.எஸ்சி. படிக்க வச்சாங்க. பொண்ணு அங்கியோட வெயில்ல நடந்து போய், "நாற்காலி காலியா இருந்தா போட்டோ எடுக்க மாட்டாங்களாம்மா, நோட்டுல எழுதியிருக்காம், வா"ன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தா.

வந்தவங்க கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு என்கிட்ட குசுகுசுன்னு கேட்டாங்க, "அந்தப் பூவை மட்டும் எடுத்துடறீங்களா, நான் உட்காரும்போது." எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அன்னைக்குக் கூட்டத்துல, அம்மா எதுக்கு நடுவுலன்னு கேட்ட அதே பெரியம்மா அங்க நின்னுட்டு இருந்தாங்க. "பூ அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ உட்காரும்மா, வெயில் ஏறுது"ன்னாங்க. அந்த அக்கா நுனியில உட்கார்ந்தாங்க. போட்டோக்காரர், "அம்மா நல்லா சாய்ஞ்சு உட்காருங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னார். சாய்ஞ்சு உட்கார்ந்தாங்க. எடுத்தாச்சு.

அடுத்த வாரம் ஃபிரேம் போட்ட போட்டோ கொடுத்தப்ப, பிறந்த ஊருக்கு அனுப்பணும்னு இன்னொரு காப்பி கேட்டாங்க. காசு கொடுத்தே வாங்கிக்கிட்டாங்க. பொண்ணு இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குப் போறா.

இனி கணக்கு. இதைக் கேட்கத்தான் நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும்.

எங்க முதல் செலவு: ரெண்டு சட்டம் 2,800, துணி 6,500, சீரியல் லைட் 1,200, ஊக்கு, பசை, கத்தரி, பிளேடு எல்லாம் 900. மொத்தம் 11,400. குழுவுல 12,000 உள்கடன் எடுத்தோம், மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. துணி ஈரோடு சந்தைக்குப் போய் மொத்தமா எடுத்தோம், டவுன்ல ஜவுளிக் கடையில எடுத்திருந்தா இன்னும் கூடியிருக்கும். இப்ப ஒரு திரைக்கு 3,500 கேட்கிறோம். அதுல குட்டி யானை வாடகை 600, பூ 500, சில்லறைச் செலவு 200 போக 2,200 நிக்கும். 200 சாமான் கணக்குக்கு எடுத்து வச்சிடுவோம், துணி கிழிஞ்சா வாங்கணும் இல்லையா. மீதி 2,000-ஐ அன்னைக்கு வேலைக்கு வந்த நாலு பேர் ஆளுக்கு 500. களை எடுக்கப் போனா என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா இது தினமும் வர்ற வேலை இல்ல. சீசன்ல மாசம் ஏழெட்டு வரும், ஆடி, மார்கழியில ஒண்ணும் இருக்காது. இதை நம்பி ஆட்டையோ மாட்டையோ வித்துடாதீங்க.

காசு வாங்கறதும் ஒரு வேலைதான். டவுன்ல ஒரு பள்ளிக்கூடம், பேர் வேணாம், யுகேஜி பட்டமளிப்புக்கு 4,000-க்கு ஒத்துக்கிட்டாங்க. விழா முடிஞ்சதும் 1,500 கையில கொடுத்து, "நீங்க மகளிர் குழுதானே, சேவையா செய்யக் கூடாதா"ன்னாங்க. பூக்காரரும் வண்டிக்காரரும் சேவை செய்ய மாட்டாங்களேன்னு நான் கேட்டேன். மூணு தடவை நாலு பேரா போய் ஆபீஸ் ரூம் வாசல்ல உட்கார்ந்தோம். இன்னொரு 1,500 வந்துச்சு. 1,000 இன்னும் வரணும், கணக்கு நோட்டுல அப்படியே நிலுவையாத்தான் வச்சிருக்கோம், அடிக்கலை. இப்ப எந்த வேலைன்னாலும் பேப்பர்ல எழுதி, கையெழுத்து வாங்கி, பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரங்களா இருந்தாலும் அப்படித்தான். என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கே முன்பணம் வாங்கினேன். ரெண்டு மாசம் பேசலை, இப்ப பேசறாங்க.

ராத்திரி வேலைதான் கஷ்டம். விழா காலையிலன்னா முந்தின ராத்திரியே கட்டணும். திரும்பி வர பதினோரு மணி ஆகும். தனியா யாரையும் அனுப்பறது இல்ல. நாலு பேரும் ஒரே வண்டியில போய் ஒரே வண்டியில வருவோம், கடைசி ஆள் வீட்டுக் கதவு திறந்த பிறகுதான் வண்டி கிளம்பும். என் வீட்டுக்காரர் முதல்ல, "துணி கட்டறதெல்லாம் ஒரு வேலையா"ன்னார். இப்ப முளை அடிக்க அவரே சுத்தியலோட வர்றார். அவருக்குக் கூலி கிடையாது, சாப்பாடு மட்டும்தான்.

சுய உதவிக்குழு தமிழ்நாட்டுல முதன்முதல்ல ஆரம்பிச்சதே நம்ம தருமபுரி மாவட்டத்துலதான், 1989-ல. அப்ப சேர்ந்த அம்மாங்க ரெண்டு மூணு பேர் முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட ஒரு கோரிக்கை. வீட்டுப் பெட்டியில பழைய பட்டு, சின்னாளப்பட்டி, சுங்குடி ஏதாவது இருந்தா எங்களுக்கு வாடகைக்குக் கொடுங்க. ஒரு விழாவுக்கு ஒரு புடவைக்கு 50 ரூபாய் தர்றோம், கறை படாம துவைச்சுத் தர்றோம். ஊக்கு கூட ஓரத்துலதான் குத்துவோம்.

வர்ற மார்ச்சுக்கு இப்பவே நாலு யுகேஜி பட்டமளிப்பு சொல்லியிருக்காங்க. அதுல ரெண்டு ஒரே நாள்ல வருது. எங்க அஞ்சு பேரால முடியாது. மத்த குழுவுல இருந்து ஆறு பேர் வேணும். தையல் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தா நல்லது. தெரியாதவங்களும் வரலாம், கொசுவம் வைக்கத் தெரியாத பொம்பளை யாரு இருக்கா. வர்ற சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம கூட்டமைப்பு ஆபீஸ்ல சட்டம் மாட்டிக் காட்டறோம். ஒரு அளவு டேப்பும், ரெண்டு அட்டைப் பெட்டியும் எடுத்துக்கிட்டு வாங்க. கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களும் வாங்க, பிள்ளையை என் மாமியார் பார்த்துக்குவாங்க, ஓலைக் கிளி கொடுத்து.